அரை கிராம் துல்லியம், இருபது சதவீதப் பிழை

2021 ஜனவரியில் ஃபோக்ஸ்வாகன் குழுமம் ஒரு கணக்கை அறிவித்தது. முந்தைய ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியத்தில் அது விற்ற கார்கள் கிலோமீட்டருக்குச் சராசரியாக 99.8 கிராம் கரியமில வாயுவை வெளியிடுபவை. விதிக்கப்பட்ட இலக்கைவிட இது சுமார் அரை கிராம் கூடுதல். அரை கிராம்தானே என்று தள்ளிவிட முடியாது. இலக்கைத் தாண்டும் ஒவ்வொரு கிராமுக்கும், விற்ற ஒவ்வொரு காருக்கும் 95 யூரோ அபராதம் என்பது ஐரோப்பியச் சட்டம். அரை கிராமுக்குக் காருக்கு 47.5 யூரோ ஆகிறது. அந்த நிறுவனம் விற்பதோ லட்சக்கணக்கில்.

மூன்றாண்டு கழித்து, 2024 மார்ச்சில், ஐரோப்பிய ஆணையம் இன்னொரு கணக்கை வெளியிட்டது. 2021இல் பதிவான ஆறு லட்சம் அளவிலான கார்கள் சாலையில் உண்மையாகக் குடித்த எரிபொருளை, அந்தந்த வண்டிக்குள் இருக்கும் பதிவிலிருந்தே எடுத்துக் கூட்டியிருந்தார்கள். பெட்ரோல், டீசல் கார்கள் சான்றிதழில் எழுதியிருப்பதைவிட ஏறத்தாழ 20 சதவீதம் கூடுதலாக வெளியிட்டன. 100 கிராம் என்று எழுதப்பட்ட கார் ரோட்டில் 120 கிராம். அபராதம் அரை கிராமுக்கு. பிழை இருபது கிராமுக்கு. நகைத் தராசை வைத்துக்கொண்டு விறகு நிறுக்கிறார்கள்.

இப்படிச் சொன்னதுமே, கார் நிறுவனங்களின் சராசரிப் புகையை அளந்து கட்டுப்படுத்தும் ஏற்பாடு முழுவதுமே ஏமாற்று என்று முடிவுகட்டத் தோன்றும். அது அவசரம். இந்த ஏற்பாட்டில் இரண்டு வேலைகள் ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன. ஒன்று, நிறுவனத்தின் கையைப் பிடித்து ஒரு திசையில் இழுப்பது. மற்றது, எவ்வளவு புகை வருகிறது என்று அளந்து சொல்வது. முதல் வேலையை அது ஓரளவு நன்றாகவே செய்திருக்கிறது. இரண்டாவதில் மோசமாகத் தோற்றிருக்கிறது. தோற்றதை மறைக்க முதல் வேலையின் வெற்றியைக் காட்டுவதுதான் இத்தனை ஆண்டுகளாக நடந்துவருகிறது.

சராசரி என்ற யோசனையிலிருந்தே தொடங்கலாம். ஒவ்வொரு காருக்கும் தனித்தனி உச்சவரம்பு வைக்காமல், ஒரு நிறுவனம் ஓராண்டில் விற்ற எல்லாக் கார்களுக்கும் சேர்த்து ஒரே எண்ணைக் கேட்பது ஏன்? கரியமில வாயுவைப் பொறுத்தவரை இது சரியான வழி. மியூனிக்கில் வந்த ஒரு கிராமும் மாட்ரிட்டில் வந்த ஒரு கிராமும் வானத்துக்கு ஒன்றுதான். பெரிய காரிலிருந்து வந்ததா, சின்னக் காரிலிருந்து வந்ததா என்பதும் ஒன்றுதான். ஆகவே மொத்தம் குறைந்தால் போதும். எந்த மாடலில் குறைப்பது மலிவு என்பது அரசு அதிகாரியைவிடக் கம்பெனிப் பொறியாளருக்கு நன்றாகத் தெரியும். அதை அவரிடமே விட்டுவிடுவது புத்திசாலித்தனம்.

இதே நியாயத்தை நீட்டினால், ஒரு நிறுவனம் இன்னொன்றோடு கணக்கைச் சேர்த்துக்கொள்வதும் குற்றமில்லை. 2019இல் ஃபியட் கிரைஸ்லர் நிறுவனம் டெஸ்லாவுக்குப் பணம் கொடுத்து அதன் மின் கார்களைத் தன் சராசரியில் சேர்த்துக்கொண்டபோது பலர் முகம் சுளித்தார்கள். 2025க்கான கணக்கில் ஸ்டெல்லாண்டிஸ், டொயோட்டா, ஃபோர்டு என்று டெஸ்லாவோடு சேர்ந்தவர்களின் வரிசை நீண்டது. மெர்சிடிஸ், வால்வோ பக்கம் போனது. பாவமன்னிப்புச் சீட்டு விற்கிறார்கள் என்ற கேலி எனக்கு ஒப்பில்லை. பின்தங்கியவர் கையிலிருந்து முந்தியவர் கைக்குப் பணம் போகிறது. சட்டத்தின் நோக்கமே அதுதான். சேர்ந்து கணக்குக் காட்டுவதால் மட்டும் மொத்தப் புகையில் ஒரு கிராம்கூட ஏறுவதில்லை.

நைட்ரஜன் ஆக்சைடுகளுக்கு இந்த நியாயம் செல்லாது. அந்தப் புகை வானத்துக்குப் போய்ச் சேருவதற்கு முன் தெருவில் நிற்பவரின் நுரையீரலுக்குப் போகிறது. ஒரு தெருவில் ஓடும் பத்து டீசல் கார்களின் புகையை, எங்கோ ஓடும் பத்து சுத்தமான கார்கள் ஈடுகட்டாது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இதை உணர்ந்துதான் இரட்டைப் பூட்டு போட்டது. 2004இல் தொடங்கிய இரண்டாம் அடுக்கு விதிகளில், ஒவ்வொரு மாடலும் எண்ணிட்ட சில தொகுதிகளில் ஒன்றில் அடங்க வேண்டும். அந்தத் தொகுதிக்கென்று ஒரு வரம்பு உண்டு, அதை எந்த வண்டியும் தாண்டக்கூடாது. அதற்கு மேலாக, நிறுவனம் விற்ற எல்லா வண்டிகளின் நைட்ரஜன் ஆக்சைடு சராசரி மைலுக்கு 0.07 கிராமுக்குள் இருக்க வேண்டும். அடுத்து வந்த மூன்றாம் அடுக்கில் நைட்ரஜன் ஆக்சைடுகளையும் கரிமச் சேர்மங்களையும் ஒன்றாகக் கூட்டி, 2025க்குள் மைலுக்கு 30 மில்லிகிராம் சராசரி என்று இறுக்கினார்கள். தனி வரம்பும் உண்டு, சராசரியும் உண்டு. காகிதத்தில் இதைவிட ஒழுங்கான அமைப்பை நான் பார்த்ததில்லை.

அந்த ஒழுங்கான அமைப்புக்குள்தான் ஃபோக்ஸ்வாகன் மோசடியும் நடந்தது. மாட்டிய டீசல் கார்கள் சான்று பெற்றிருந்தது ஐந்தாம் தொகுதியில். அதன் வரம்பு 0.07, சராசரி இலக்கும் அதுவே. 2015 செப்டம்பரில் முகமை அனுப்பிய நோட்டீஸின்படி, ஏறத்தாழ 4.8 லட்சம் கார்கள் சாலையில் வரம்பைப்போல் 40 மடங்குவரை வெளியிட்டன. சோதனை நடக்கிறது என்பதை மென்பொருள் கண்டுகொண்டு, அந்த இருபது முப்பது நிமிடம் மட்டும் ஒழுங்காக நடந்துகொண்டது. ஐரோப்பாவில் நைட்ரஜன் ஆக்சைடுக்குச் சராசரி என்ற பேச்சே கிடையாது, தனி வரம்பு மட்டும்தான். அங்கேயும் அதே கார்கள் அதே வித்தையைக் காட்டித் தப்பின. சராசரி வைப்பதா, தனி வரம்பு வைப்பதா என்று வாதாடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இரண்டும் ஒரே இடத்தில் உடைந்தன, அதாவது எண் பிறக்கும் இடத்தில். பிடித்துக் கொடுத்தது எந்தச் சராசரியும் அல்ல. மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகக் குழு புகைக்குழாயில் கருவியை மாட்டிக்கொண்டு சாலையில் ஓட்டிப் பார்த்த மூன்று கார்கள்.

எண் பிறக்கும் இடத்தைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்கலாம்.

காரை உருளைகள்மேல் நிறுத்துவார்கள். சக்கரம் சுற்றும், கார் நகராது. சாலையில் காற்றும் டயர் உரசலும் எவ்வளவு இழுக்குமோ அந்த எதிர்ப்பை உருளைகள் கொடுக்க வேண்டும். அந்த எதிர்ப்பின் அளவு எங்கிருந்து வருகிறது? வெளியே ஒரு நீண்ட தடத்தில் காரை வேகமாக ஓட்டி, நியூட்ரலில் விட்டு, எவ்வளவு நேரத்தில் வேகம் தணிகிறது என்று பார்ப்பதிலிருந்து. இதைச் செய்வது பெரும்பாலும் நிறுவனமே. காற்று எந்தப் பக்கம் வீசியது, தரை எவ்வளவு சூடாக இருந்தது, டயர் புதிதா, ஓரளவு தேய்ந்ததா என்று எல்லாமே இந்த எண்ணை அசைக்கும். 2014 நவம்பரில் ஹூண்டாய், கியா நிறுவனங்கள் அமெரிக்க அரசோடு 10 கோடி டாலர் அபராதத்துக்கு உடன்பட்டது இந்த ஒரு சோதனையை வைத்துத்தான். பலமுறை ஓட்டிவிட்டு, எல்லாவற்றின் சராசரியை எடுக்காமல் தங்களுக்குச் சாதகமான முடிவுகளை மட்டும் எடுத்துக்கொண்டார்கள் என்பது முகமையின் குற்றச்சாட்டு. 12 லட்சம் கார்களின் எண் அதனால் தவறிப்போனது. அபராதத்தோடு, தவறான எண்ணால் சேர்த்துவைத்திருந்த 47.5 லட்சம் புகைக் கடன்புள்ளிகளையும் (இலக்கைவிடக் குறைவாக வெளியிட்டால் கிடைப்பவை) திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. மொத்த விற்பனையின் சராசரியைக் காட்டும் கடமை உள்ள இடத்தில், ஒரு காரின் ஓட்டங்களுக்குச் சராசரி எடுக்காமல் விட்டதுதான் விஷயம்.

ஐரோப்பாவின் பழைய சோதனையில் இப்படிப் பொய் சொல்ல வேண்டிய தேவைகூட இல்லை. விதியே இடம் கொடுத்தது. என்.இ.டி.சி. என்று அழைக்கப்பட்ட அந்த ஓட்டம் மொத்தம் 11 கிலோமீட்டர், இருபது நிமிடத்துக்கும் குறைவு, சராசரி வேகம் மணிக்கு 34 கிலோமீட்டர்கூட இல்லை. ஏ.சி. போட வேண்டாம். பேட்டரியை முழுக்க சார்ஜ் செய்துகொண்டு வரலாம். டயரில் காற்றைக் கூட்டலாம், கதவு இடுக்குகளில் டேப் ஒட்டலாம். எல்லாம் முடிந்து அளந்த எண்ணிலிருந்து நான்கு சதவீதம்வரை குறைத்து அறிவிக்கவும் அனுமதி உண்டு! 2001இல் சான்றிதழுக்கும் சாலைக்கும் இடையே 8 சதவீத அளவில் இருந்த இடைவெளி, அடுத்த பதினைந்து ஆண்டில் 40 சதவீதத்தைத் தொட்டதற்குக் காரணம் ஓட்டுநர்கள் திடீரென்று முரடர்களானது அல்ல. 2009இல் சட்டம் வந்தது, ஒவ்வொரு கிராமுக்கும் விலை வந்தது. சோதனையில் ஒரு கிராம் குறைப்பது என்ஜினில் ஒரு கிராம் குறைப்பதைவிட மலிவாக இருந்தது.

2017 செப்டம்பர் முதல் டபிள்யூ.எல்.டி.பி. என்ற புதிய ஓட்டம் வந்தது. தூரம் இரு மடங்கு, அரை மணி நேரம், உச்ச வேகம் 131 கிலோமீட்டர். நல்ல முன்னேற்றம்தான். ஆனால் அது வந்த கையோடு நடந்த ஒரு கூத்து, இந்த அமைப்பின் குணத்தை வேறெதையும்விடத் தெளிவாகக் காட்டுகிறது. 2025, 2030 இலக்குகள் அடித்தள ஆண்டான 2021இன் எண்ணிலிருந்து இத்தனை சதவீதம் குறைவு என்று நிர்ணயிக்கப்பட இருந்தன. அடித்தளம் உயர்ந்தால் இலக்கும் தளரும். 2018இல் ஆணையத்தின் ஆய்வு மையம் சோதனைத் தரவுகளைப் புரட்டியபோது, நிறுவனங்கள் இந்த முறை எண்ணைக் கூட்டிக் காட்டுவது தெரிந்தது. பேட்டரி தீர்ந்த நிலையில் சோதனையைத் தொடங்கியிருந்தார்கள். சிக்னலில் என்ஜினை அணைக்கும் வசதியை நிறுத்திவைத்திருந்தார்கள். குறைத்துக் காட்டக் கற்ற அதே பாடத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தார்கள். அறிவித்த எண்ணை விட்டுவிட்டு அளந்த எண்ணையே அடித்தளத்துக்கு எடுக்க வேண்டும் என்று விதியைத் திருத்தி ஆணையம் அந்த ஓட்டையை அடைத்தது. இதற்காக ஆணையத்துக்கு மதிப்பெண் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் எண் எந்தப் பக்கம் போனால் லாபமோ அந்தப் பக்கம் போகிறது என்றால், அது காரைப் பற்றிய தகவலா, இலக்கைப் பற்றிய தகவலா?

அடுத்து எடை. எல்லா நிறுவனத்துக்கும் ஒரே இலக்கு கிடையாது. 2009 சட்டம் 130 கிராம் என்று சொன்னாலும், விற்கும் கார்களின் சராசரி எடை கூடினால் இலக்கும் தளரும்படி ஒரு சாய்கோட்டை வைத்தது. 2020இல் இலக்கு 95 கிராமானபோது அந்தச் சாய்வு ஒவ்வொரு 100 கிலோவுக்கும் 3.33 கிராம். பெரிய கார் செய்யும் ஜெர்மானியரும் சின்னக் கார் செய்யும் இத்தாலியரும் பிரெஞ்சுக்காரரும் ஒரே சட்டத்துக்குக் கையெழுத்திட வேறு வழி இருக்கவில்லை. அரசியலாக அது புரிகிறது. ஆனால் காரை இலகுவாக்குவது எரிபொருளைக் குறைக்க உள்ள நேரான வழி. அதைச் செய்பவரின் பரிசில் ஒரு பங்கைச் சட்டமே திரும்பப் பிடுங்கிக்கொள்கிறது. சாய்வைச் சமதளத்துக்கு அருகில் வைத்திருந்ததால் ஐரோப்பாவில் சேதம் குறைவு. ஜப்பானில் எடை வாரியாகப் படிக்கட்டு போட்டார்கள். கொய்ச்சிரோ இட்டோவும் ஜேம்ஸ் சல்லியும் 2018இல் வெளியிட்ட ஆய்வு அதன் விளைவைக் காட்டியது: பத்தில் ஒரு வண்டியின் எடை அடுத்த படியைத் தொடும்படி ஏற்றப்பட்டிருந்தது, சராசரியாக 110 கிலோ. புகையைக் குறைக்க வந்த விதி காருக்குச் சதை போட்டது.

நிறுவனத்தின் சராசரி எரிபொருள் திறனைக் கட்டுப்படுத்தும் இந்தியாவின் கஃபே விதியும் எடைக்கோட்டில் நடப்பதுதான். 2022இல் தொடங்கிய இரண்டாம் கட்டத்தில் 1,145 கிலோ சராசரிக்கு 113 கிராம்; எடை 100 கிலோ கூடினால் எரிபொருள் அளவில் 100 கிலோமீட்டருக்கு 0.2 லிட்டர் சலுகை. வாயுவாக மாற்றினால் சுமார் 4.7 கிராம். ஐரோப்பாவைவிடச் செங்குத்தான கோடு, அதுவும் சின்னக் கார்களின் நாடு என்று பேர் வாங்கிய ஊரில். வாங்குகிறவர்கள் எஸ்.யூ.வி. பக்கம் சாய்ந்ததற்கு இந்தக் கோடுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். தடுப்பதற்கு அது எதுவும் செய்யவில்லை என்று மட்டும் சொல்லலாம்.

ஐரோப்பாவில் இந்தக் கோட்டுக்கு ஒரு வேடிக்கையான முடிவு வந்தது. பேட்டரி கனமானது, மின் கார்கள் அதிகம் விற்பவரின் சராசரி எடை ஏறியது, புகையோ இறங்கியது. புதிய தரவைப் போட்டுக் கோட்டை மறுபடி வரைந்தபோது சாய்வு திரும்பிக்கொண்டது. 2025 முதல் கனமான கார் விற்பவருக்கே கடுமையான இலக்கு. எடையை இந்தச் சூத்திரத்தில் வைத்ததற்கு ஆரம்பத்தில் சொன்ன காரணம் எதுவும் இப்போது உயிரோடு இல்லை. ஆனால் எடை இன்னும் சூத்திரத்தில் உட்கார்ந்திருக்கிறது.

சலுகைப் பெருக்கல்களுக்கு அதிக நேரம் தேவையில்லை; ஒரு கணக்கு போதும். ஒரு நிறுவனம் 100 கார் விற்கிறது. 90 பெட்ரோல் கார்கள், ஒவ்வொன்றும் 120 கிராம். 10 மின் கார்கள், பூஜ்யம். சராசரி 108. 2020 விதிப்படி 50 கிராமுக்குக் கீழுள்ள ஒவ்வொரு காரும் இரண்டாக எண்ணப்படும். அதே புகையை 110ஆல் வகுத்தால் 98.2. இந்தச் சலுகைக்கு 7.5 கிராம் உச்சவரம்பு இருந்ததால் 100.5 என்று எழுதிக்கொள்ளலாம். வானத்துக்கு ஒன்றும் மாறவில்லை. போதாததற்கு, அந்த ஓராண்டு மட்டும் அதிகம் புகைக்கும் 5 சதவீதக் கார்களைக் கணக்கிலேயே சேர்க்க வேண்டாம் என்றும் விட்டார்கள். ஃபோக்ஸ்வாகன் அறிவித்த 99.8இல் இதெல்லாம் அடக்கம். இந்தியாவில் மின் கார் ஒன்று மூன்றாக எண்ணப்படுகிறது. புதிய தொழில்நுட்பத்துக்கு ஊக்கம் தேவை என்றால் மானியம் கொடுக்கலாம், அது பட்ஜெட்டில் தெரியும். வகுக்கும் எண்ணில் ஒளித்துக் கொடுத்தால் யாருக்கும் தெரியாது. தெரியாமல் இருப்பதுதான் அதன் வசதி போலும்.

எல்லாப் பிழைகளும் ஒன்றுகூடும் இடம் பிளக்-இன் ஹைபிரிட். இதில் பேட்டரியும் உண்டு, பெட்ரோல் என்ஜினும் உண்டு. எந்த அளவு மின்சாரத்தில் ஓடும் என்பது ஓட்டுகிறவர் ராத்திரி சார்ஜ் போடுகிறாரா என்பதைப் பொறுத்தது. சோதனைக்கூடத்தில் அதை அளக்க வழியில்லை, ஆகவே ஒரு பங்கை ஊகித்துச் சூத்திரத்தில் வைத்தார்கள். ஒரே சார்ஜில் 60 கிலோமீட்டர் ஓடும் காருக்கு அந்தப் பங்கு சுமார் 80 சதவீதம். பேட்டரி தீர்ந்தபின் 150 கிராம் வெளியிடும் கார் என்று வைத்துக்கொண்டால், ஐந்தில் ஒரு பங்குதான் கணக்குக்கு வரும்: 30 கிராம். 30 என்பது 50க்குக் கீழ். ஆகவே 2020இல் இந்தக் கார் இரண்டாகவும் எண்ணப்பட்டிருக்கும்.

நடந்தது என்ன? பல நாடுகளில் இந்தக் கார்களை வரிச்சலுகைக்காக அலுவலகங்கள் வாங்கி ஊழியர்களுக்குக் கொடுத்தன. பெட்ரோல் செலவு அலுவலகத்தின் அட்டையில் போகும். வீட்டில் சார்ஜ் போட்டால் மின்கட்டணம் சொந்தப் பணம். சார்ஜ் ஒயரைத் தொடாமலே இருந்தவர்களைக் குறைசொல்லி என்ன பயன். ஆணையத்தின் 2024 அறிக்கையில் இந்த வகைக் கார்கள் சான்றிதழில் சராசரி 40 கிராம் அளவிலும், சாலையில் 140 கிராம் அளவிலும் இருந்தன. மூன்றரை மடங்கு. சாதாரண பெட்ரோல் கார்களின் இடைவெளியைக் கிராமில் பார்த்தால் இதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் வரும்.

இதுவரை சொன்ன எதையும்விட அடிப்படையான ஒரு குறை, யாரும் அதிகம் பேசாத குறை, தூரம். ஐரோப்பியச் சராசரி விற்ற கார்களின் எண்ணிக்கைக்கு எடுத்த சராசரி. ஓடிய கிலோமீட்டருக்கு அல்ல. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே வரும் சின்னக் காரும், வாரம் முழுக்க நெடுஞ்சாலையில் கிடக்கும் விற்பனைப் பிரதிநிதியின் டீசல் காரும் கணக்கில் ஆளுக்கு ஒரு ஓட்டு. அமெரிக்க முகமை இங்கே கூர்மையாக யோசித்தது. அதன் பசுங்குடில் வாயுக் கடன்புள்ளிக் கணக்கில், ஒரு கார் தன் ஆயுளில் 1,95,264 மைலும், இலகு லாரி 2,25,865 மைலும் ஓடும் என்று எடுத்துக்கொண்டு பெருக்கினார்கள். இதுவும் ஊகம்தான், ஆனால் டன்னில் பேசும் ஊகம். வானம் டன்னில்தான் கணக்கு வைக்கிறது. அமெரிக்காவைப் புகழ்ந்ததும் இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும்: 1975 முதல் இருந்துவரும் அதன் சராசரி மைலேஜ் விதிக்கான அபராதத்தை 2025 ஜூலையில் வந்த சட்டம் பூஜ்யம் டாலராக்கிவிட்டது. விதி இருக்கிறது, பல் இல்லை.

ஐரோப்பியத் தணிக்கை நீதிமன்றம் 2024 ஜனவரியில் தந்த அறிக்கையை இந்த விசாரணையின் முக்கியச் சாட்சியாக எடுத்துக்கொள்ளலாம். பன்னிரண்டு ஆண்டுகளில் டீசல் கார்களின் உண்மைப் புகை அப்படியே இருந்தது. பெட்ரோல் கார்களில் 4.6 சதவீதம் மட்டும் இறங்கியது. என்ஜின்கள் திறமையாகத்தான் ஆகியிருந்தன. அந்தத் திறமையைச் சுமார் 10 சதவீதம் ஏறிய எடையும், ஏறத்தாழ 25 சதவீதம் கூடிய என்ஜின் சக்தியும் தின்றுவிட்டன. இதே காலத்தில் அதிகாரபூர்வச் சராசரி மட்டும் மொத்தத்தில் அழகாக இறங்கியது.

மறுபக்கச் சாட்சியும் வலுவானது. 2015க்கான 130 கிராம் இலக்கை எட்டிய பிறகு அடுத்த படி 2020இல்தான் என்றிருந்த காலத்தில், சராசரி 2016இன் 118.1இலிருந்து 2019இல் 122.3ஆக ஏறியது. 2020இல் 95 கிராம் படி வந்தது. ஒரே ஆண்டில் 107.8. விற்பனையில் சார்ஜ் போடும் கார்களின் பங்கு 3.5 சதவீதத்திலிருந்து 11 ஆனது. மானியங்களுக்கும் இதில் பங்கு உண்டு. ஆனாலும் கெடு தேதியும் காருக்கு 95 யூரோ என்ற பயமும் இல்லாமல் இந்தத் தாவல் நடந்திருக்காது. 1998இல் கார் நிறுவனங்கள் தாமாக முன்வந்து 2008க்குள் 140 கிராம் என்று வாக்குக் கொடுத்தன. 2008இல் நின்றது 154இல். வாக்குறுதிக்கும் சட்டத்துக்கும் உள்ள வித்தியாசம் இந்த இரண்டு வரலாறுகளில் இருக்கிறது.

ஆகவே என் தீர்ப்பு: சராசரி என்ற கடமையை வைத்துக்கொள்ள வேண்டும்; சராசரி என்ற அளவீட்டை, இன்றுள்ள வடிவில், நிராகரிக்க வேண்டும். முழு மின் கார்களைத் தவிர மற்ற எந்தக் காரைப் பற்றியும் அந்த எண் நம்பத்தக்க செய்தி எதையும் சொல்லவில்லை. மின் கார் விஷயத்தில்கூட, மின்சாரம் எங்கே எதை எரித்து வந்தது என்று கேட்காமல் பூஜ்யம் போடுவதால்தான் அது துல்லியமாகத் தெரிகிறது.

மாற்று எங்கோ ஆய்வில் இருக்கும் கருவி அல்ல. 2021 முதல் ஐரோப்பாவில் விற்கும் ஒவ்வொரு புதிய பெட்ரோல், டீசல் காரும் தான் குடித்த எரிபொருளையும் ஓடிய தூரத்தையும் தானே பதிந்து வைக்கிறது. வைக்க வேண்டும் என்பது சட்டம். அந்தத் தரவு திரட்டப்படுகிறது, அறிக்கை வருகிறது. அபராதக் கணக்கில் மட்டும் அதற்கு இடமில்லை. சான்றிதழுக்கும் சாலைக்கும் உள்ள இடைவெளியை வைத்து நிறுவனங்களின் சராசரியை 2030 முதல் திருத்த முடியுமா என்று ஆராயும்படி 2019 சட்டமே ஆணையத்துக்குச் சொல்லியிருந்தது.

நிறுவனங்களின் ஆட்சேபம் இரண்டு. ஓட்டுகிறவர் ஆக்சிலரேட்டரை மிதிப்பதற்கு நாங்கள் எப்படிப் பொறுப்பு என்பது முதலாவது. ஒரு காருக்கு இது நியாயமான கேள்வி. லட்சம் காருக்கு அல்ல. மிதிக்கிறவரும் மெல்லப் போகிறவரும் எல்லா நிறுவனத்திடமும் கார் வாங்குகிறார்கள். அப்படியும் ஒரு நிறுவனத்தின் இடைவெளி மற்றவர்களுடையதைவிட விடாமல் அகன்று நின்றால், அது ஓட்டுநரின் கால் அல்ல. இரண்டாவது ஆட்சேபத்தில் சத்து இருக்கிறது: ஆண்டு முடியும்போது தன் எண் என்ன என்று நிறுவனத்துக்குத் தெரிந்தாக வேண்டும், சாலைத் தரவோ தாமதமாக வருகிறது. இதற்கு வழி, இரண்டாண்டு முந்தைய இடைவெளியை இந்த ஆண்டின் எண்ணோடு பெருக்குவது. முன்கூட்டியே தெரிந்த பெருக்கு எண், யாருக்கும் அதிர்ச்சி இல்லை. எடைக்கோட்டை எடுத்துவிட்டு ஓடும் தூரத்தை உள்ளே கொண்டுவருவதும் இதே திருத்தத்தில் முடியும் வேலை, ஏனென்றால் தூரமும் அதே பதிவில் இருக்கிறது.

இப்போதைக்கு நடப்பது வேறு. 93.6 கிராம் என்ற 2025 இலக்கை அந்த ஆண்டிலேயே எட்ட வேண்டியதில்லை, 2025 முதல் 2027 வரை மூன்றாண்டுக்கும் சேர்த்து எட்டினால் போதும் என்று 2025இல் சட்டத்தைத் தளர்த்தியாயிற்று. அதை நான் பெரிதாக எதிர்க்கவில்லை. கடமை தள்ளிப்போகிறது, மறைந்துவிடவில்லை. எதிர்க்க வேண்டிய இடம் பிளக்-இன் கார்களின் ஊகப் பங்கு. சாலைத் தரவைப் பார்த்து அதை இரண்டு படியாகக் குறைக்க ஆணையம் ஏற்கெனவே விதி செய்துவிட்டது: 60 கிலோமீட்டர் ஓடும் காருக்கு 80இலிருந்து 54, பிறகு 34 சதவீதம். மேலே சொன்ன 150 கிராம் காரின் எண் 30இலிருந்து 69 ஆகும், பிறகு 99. முதல் படி நடைமுறைக்கு வந்துவிட்டது. இரண்டாம் படியை நிறுத்திவைக்கச் சொல்லிக் கார் உற்பத்தியாளர் சங்கங்கள் கோருகின்றன. அளவீடு சாலையைப் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொண்ட ஒரே இடம் அது. அந்தக் கோரிக்கைக்கு ஆணையம் இணங்கினால், அடுத்து வெளியாகும் சராசரி அட்டவணையில் வரும் ஒவ்வொரு கிராமையும் அந்த 69க்கும் 99க்கும் இடையிலுள்ள 30 கிராமைச் சேர்த்துத்தான் படிக்க வேண்டியிருக்கும்.